பெற்றோரின் உடற்பயிற்சியும் குழந்தைகளின் விளையாட்டும்

உடல் இயக்கம் என்பது தசைகள் வேலை செய்து ஆற்றல் செலவாகும் எல்லா அசைவுகளையும் குறிக்கும். நடப்பது, மிதிவண்டி ஓட்டுவது, தண்ணீர்க் குடம் சுமப்பது, கிளித்தட்டு ஆடுவது ஆகிய யாவும் இதில் அடங்கும். உடற்பயிற்சி இதன் ஒரு பகுதியே. உடலை வலுப்படுத்தும் நோக்கத்தோடு, திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யும் இயக்கத்துக்கு உடற்பயிற்சி என்று பெயர். ஒரு குடும்பத்தில் பெற்றோருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது உடற்பயிற்சி. குழந்தைகளுக்குத் தேவைப்படுவது விளையாட்டு. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பையும், நம் ஊர்களின் நிலையில் அதை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எவ்வளவு தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான வேகத்திலோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான வேகத்திலோ உடலை இயக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாள் ஒன்றுக்கு 60 நிமிடங்கள் தேவை. அதில் வாரம் மூன்று நாட்களாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமும், தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் செயல்களும் இருக்க வேண்டும். 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு 2019இல் தனியாக ஒரு வழிகாட்டுதல் வந்தது. அது நாள் முழுவதிலுமாக 180 நிமிட அசைவு வேண்டும் என்றும், செல்போன், தொலைக்காட்சி முதலான திரைகளின் முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது என்றும் கூறுகிறது.

மிதமான வேகம் எது என்று அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமையான வேகம்.

இதில் பெற்றோருக்கு ஆறுதலான ஒரு செய்தியும் இருக்கிறது. குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனை 2020இல் நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளையைப் பள்ளியில் விட நடக்கும் ஏழு நிமிடமும், மாடிப்படி ஏறும் ஒரு நிமிடமும் இப்போது கணக்கில் உண்டு. பலரும் சொல்லும் ‘ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி’ என்ற இலக்கு மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் அது. அந்தப் பெயருக்குப் பொருளே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பதுதான். அதை எட்ட முடியவில்லையே என்று நடப்பதையே விட்டுவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெற்றோர் நடந்தால் பிள்ளை ஓடுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் பிரேமிங்காம் குழந்தைகள் ஆய்வு. இதன் முடிவுகள் 1991இல் வெளியாயின. 4 முதல் 7 வயது வரையான 100 குழந்தைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் உடல் அசைவை அளக்கும் சிறு கருவியை இடுப்பில் கட்டிப் பல நாட்கள் பதிவு செய்தனர். சுறுசுறுப்பான தாய்மாரின் குழந்தைகள் சுறுசுறுப்பாக இருக்கும் வாய்ப்பு, மற்ற தாய்மாரின் குழந்தைகளைப் போல இரு மடங்காக இருந்தது. தந்தை சுறுசுறுப்பானவராக இருந்தால் அது மூன்றரை மடங்கு. இருவரும் அப்படி இருந்தால், இருவரும் அசையாத வீட்டுக் குழந்தைகளைவிட 5.8 மடங்கு.

நூறு குழந்தைகளைக் கொண்ட ஓர் அயல்நாட்டு ஆய்வை நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. காரணம் பெற்றோரின் முன்மாதிரியா, ஒரே வீட்டில் ஒரே பழக்கமா, பரம்பரைக் கூறா என்பதையும் அது தனியே பிரித்துக் காட்டவில்லை. பின்னர் வந்த பல ஆய்வுகள் இன்னொரு நுட்பத்தைத் தெளிவாக்கின. பெற்றோர் தாங்கள் மட்டும் பயிற்சி செய்வதைக் காட்டிலும், குழந்தையை மைதானத்துக்குக் கூட்டிச் செல்வது, பந்து வாங்கிக் கொடுப்பது, கூடச் சேர்ந்து ஆடுவது, நின்று பார்ப்பது ஆகியவற்றின் விளைவே உறுதியாகத் தெரிகிறது. குழந்தை எழுமுன் ஐந்து மணிக்குக் கிளம்பி நண்பர்களோடு எட்டு கிலோமீட்டர் நடந்து வரும் தந்தை தன் உடம்புக்கு நல்லது செய்கிறார். ஆனால் குழந்தை அதைப் பார்ப்பதே இல்லை. அதன் கண்ணில் படுவது மாலையில் சோபாவில் செல்போனோடு இருக்கும் அப்பாதான். வாரத்தில் இரண்டு நாளாவது அந்த நடையை மாலைக்கு மாற்றி, பிள்ளையையும் கூட்டிச் செல்வது மேல்.

நாள் முழுக்க வேலைதானே செய்கிறோம்?

சங்கரன்கோவில் விசைத்தறிகள் நிறைந்த ஊர். சுற்றுவட்டாரத்தில் பெண்கள் பலர் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். இவர்களிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசினால், “காலையிலிருந்து ராத்திரி வரை வேலைதானே பார்க்கிறோம், இதற்கு மேல் என்ன பயிற்சி?” என்ற பதில் வரும். நியாயமான கேள்விதான். விடை வேலையின் தன்மையைப் பொறுத்தது.

வேலையும் இதயமும் பற்றிய முதல் பெரிய ஆய்வு லண்டன் பேருந்துகளில் நடந்தது. ஜெர்மி மாரிஸ் என்ற மருத்துவர் தம் குழுவினருடன் 1953இல் அதன் முடிவை வெளியிட்டார். அங்கே ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே புகையில், ஒத்த சமூக நிலையில் வேலை செய்தவர்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் இரட்டை அடுக்குப் பேருந்தின் படிகளை நாளொன்றுக்கு 500 முதல் 750 வரை ஏறி இறங்குவார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது. உடனடி மரணமும் குறைவு. (மாரிஸ் தாமும் பயிற்சியை விடாதவர், 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.)

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், தறிக்கூடத்தில் பல தறிகளுக்கிடையே நடந்துகொண்டே இருப்பவர் நடத்துநரைப் போன்றவர். அவருக்குத் தேவை கூடுதல் நடையன்று. நின்று நின்று இறுகிப்போன கெண்டைக்காலையும் முதுகையும் தளர்த்தும் பயிற்சியும் போதிய தூக்கமும்தான். பீடி சுற்றும் பெண் ஓட்டுநரைப் போன்றவர். கை ஓயாமல் வேலை செய்கிறது. மாலையில் கழுத்தும் தோளும் வலிக்கின்றன. ஆனால் காலுக்கும் தொடைக்கும் இடுப்புக்கும் அசைவே இல்லை. களைப்பு வேறு, உடல் இயக்கம் வேறு. பீடிக்கட்டைக் கடையில் கொடுக்கப் போகும் நடையை வேகமாக்குவதும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடமாடுவதும் அவருக்கு உண்மையான பயன் தரும். கணினியின் முன் இருப்பவருக்கும், கல்லாவில் இருப்பவருக்கும், நாற்காலியில் அமர்ந்து விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கும் இதுவே பொருந்தும்.

சர்க்கரை நோயும் நடையும்

பெற்றோர் வயதில் உள்ளவர்கள் நடக்க வேண்டியதற்கு நம் நாட்டில் தலையாய காரணம் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரும் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது.

இந்நோயைத் தள்ளிப்போட முடியும் என்பதை நம் மக்களிடமே நிரூபித்த ஆய்வு சென்னையில் நடந்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் கவனித்தது. முடிவுகள் 2006இல் வெளியாயின. வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் கற்பிக்கப்பட்ட பிரிவில் அது 39.3 விழுக்காடு. மாத்திரை மட்டும் பெற்றவர்களிடம் 40.5 விழுக்காடு. அந்த நடை தினமும் 30 நிமிடம் என்ற அளவிலானதுதான். மிதிவண்டியில் வேலைக்குப் போகிறவர்களும் கடின உடலுழைப்புக்காரர்களும் அதையே தொடருமாறு கூறப்பட்டனர். மாத்திரைக்குச் சமமான பலனை நடையும் உணவு மாற்றமும் தந்தன என்பது இதன் பொருள்.

காரணம் எளிது. வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்து 15 நிமிடம் நடப்பது, உணவுக்குப் பின் உயரும் சர்க்கரையைத் தணிக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பமாகத் தெருமுனை வரை போய்வரும் வழக்கம் இருந்த வீடுகள் அறியாமலே இதைச் செய்துவந்தன.

ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காலை நடை முடிந்து டீக்கடையில் கூடுவது நம் ஊர் வழக்கம். அரை மணி நேர நடையில் செலவானதை, ஓர் உளுந்த வடையும் சர்க்கரை போட்ட டீயும் ஏறக்குறைய திருப்பிக் கொடுத்துவிடும்.

புதுக்கோட்டையின் தாய்மார்கள்

தாய்மார் கூட்டமாக உடலை இயக்கத் தொடங்கியதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல சான்று உண்டு. அது உடற்பயிற்சி என்ற பெயரில் நடந்ததன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு பெண்களுக்கு மிதிவண்டியும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு முன்னின்றார். மிதிவண்டி வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர், ஆசிரியைகள் எனப் பலரும் கற்றுக்கொண்டனர். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் வண்டி போதாமல் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினார்களாம். சிலர் அதையே விரும்பினார்களாம். காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்!

தொடக்கத்தில் கேலியும் கெட்ட பேச்சும் வந்தன. கூட்டமாகச் செய்ததால் அவை தாக்குப்பிடிக்கவில்லை. இந்தச் செய்தி இன்றைக்கும் தேவைப்படுகிறது. 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில், போதிய உடல் இயக்கம் இல்லாதவர்கள் இந்தியப் பெண்களில் 57 விழுக்காடு, ஆண்களில் 42 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. பெண்கள் சோம்பேறிகள் என்பது இதற்குப் பொருளன்று. நேரமும் இடமும் பாதுகாப்பும் அவர்களுக்குக் குறைவு என்பதே பொருள். தனியாக நடக்கக் கூச்சப்படும் பெண், அதே தெருவின் நாலைந்து பேரோடு சேர்ந்தால் நடக்கிறார்.

பெண் குழந்தைகளின் விளையாட்டு எந்த வயதில் நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆறாம், ஏழாம் வகுப்பு வரை பாண்டியும் எறிபந்துமாக இருந்தவள், வயதுக்கு வந்ததும் தெருவிலிருந்து திடீரென்று மறைந்துவிடுகிறாள். பிறகு பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி வந்தால்தான் கால் அசைகிறது. எலும்பு வேகமாக உறுதி பெறும் பருவமோ இடைப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் விளையாடக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. வலியும் அதிக இரத்தப்போக்கும் உள்ள நாளில் ஓய்வெடுத்தால் போதும். தாய் வெளியே நடந்தால் மகளும் கூட வருவாள். அண்டை வீட்டாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

விளையாட்டுப் பாடவேளை

குழந்தைகள் ஓடியாடாததற்குச் செல்போனை மட்டும் குற்றம் சொல்வது பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கும் வீட்டுக்கும் அதில் பங்குண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் இருக்கும் பள்ளியிலும் பத்தாம் வகுப்பு வந்தவுடன் பி.டி. பீரியட் காணாமல் போகும். நானும் பொதுத்தேர்வை நினைத்துப் பி.டி. வாத்தியாரிடம் அந்தப் பாடவேளையைக் கேட்டு வாங்கிக் கணக்கு நடத்தியிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். அதனால் மதிப்பெண் கூடியதா என்று இப்போது யோசித்தால், உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பிற்பகல் வெயிலில் மூன்றாவது கணக்குப் பாடவேளையில் பிள்ளைகள் கொட்டாவி விட்டது மட்டும் நினைவிருக்கிறது. உடல் இயக்கம் குழந்தைகளின் கவனத்துக்கும் கற்றலுக்கும் துணைசெய்கிறது என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் கூறுகிறது.

இன்னொரு தவறும் பள்ளிகளில் பரவலாக உண்டு. வீட்டுப்பாடம் எழுதாதவனை “கிரவுண்டைப் பத்து சுற்று ஓடு” என்பதும், தோப்புக்கரணம் போட வைப்பதும் வழக்கம். ஓட்டத்தைத் தண்டனையாகவே அறிந்த பிள்ளைக்கு அது எப்படி மகிழ்ச்சி தரும்? பெற்றோரும் இதைத் தவிர்க்க வேண்டும். ‘குண்டாகிவிட்டாய், போய் ஓடு’ என்று நாலு பேர் முன்னால் சொல்வதும் ஒருவகைத் தண்டனையே.

வெளியில் ஆடுவதால் கண்ணுக்கும் நன்மை இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு கூடுதலாக வைக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் அப்பிள்ளைகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் அது 39.5 விழுக்காடாக இருந்தது. வெளியிலுள்ள பகல் வெளிச்சமே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அறைக்குள் செய்யும் பயிற்சியில் இந்தப் பயன் கிடைக்காது.

வீட்டில் தொடங்கும் விதம்

பல ஆண்டுகள் பயிற்சி இல்லாதவர் முதல் வாரம் தினமும் 10 நிமிடம் நடந்தால் போதும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரத்தில் அரை மணி வந்துவிடும். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, மறுநாள் முழங்கால் வீங்கி, மூன்றாம் நாள் நிறுத்துவதுதான் பெரும்பாலானோர் கதை. தசை வலுவுக்கு ஜிம் தேவையில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பது, படியில் முன்காலால் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது ஆகிய மூன்றையும் சமையல் வேகும் நேரத்தில் முடித்துவிடலாம்.

பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம். நம் பழைய விளையாட்டுகளே போதும். கிளித்தட்டில் கோட்டைக் காக்கும் கிளியும், அதை ஏமாற்றித் தாண்டுகிறவரும் சில வினாடிகள் முழு வேகத்தில் ஓடி, நின்று, திரும்பி மறுபடி ஓடுவர். கடுமையான வேகம் என்று வழிகாட்டுதல் சொல்வது இதையே. பாண்டியில் ஒற்றைக் காலில் தாவுவது எலும்புக்கு வலுவூட்டும். பச்சைக்குதிரை, ஸ்கிப்பிங் கயிறு ஆகியவையும் அப்படியே. செல்லாங்குச்சி கைக்கும் கண்ணுக்கும் நல்லது. ஆனால் புள் கண்ணில் பட்டால் ஆபத்து, சிறு குழந்தைகளை எட்ட நிறுத்த வேண்டும். இவற்றின் விதிகள் இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோ ஆச்சியோ கோடு போட்டுக் காட்டினால் அடுத்த ஞாயிறு அவர்களே கூடிவிடுவார்கள். தெருவில் வண்டி ஓட்டம் அதிகமென்றால் மொட்டை மாடியோ பள்ளி மைதானமோ நல்லது. மாடியில் கைப்பிடிச் சுவரின் உயரத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரை கிலோமீட்டரில் இருக்கும் பள்ளிக்கு ஆட்டோ வைப்பதை நிறுத்துவது, பால் வாங்கவும் பூ வாங்கவும் பைக்கை எடுக்காமல் பிள்ளையோடு நடப்பது போன்ற சிறு மாற்றங்கள் நாள்தோறும் நடப்பதால் நிலைக்கும். எங்கள் பகுதியில் கோடை வெயில் கடுமை. எனவே காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் ஆடுவது நல்லது. 2023 நவம்பர் 4 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் கீழ் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அமைந்தன. மாவட்டத் தலைநகருக்கு அருகில் இருப்பவர்களுக்கு அது வசதி. மற்றவர்களுக்கு ஊரின் கண்மாய்க் கரையும் கோவில் வெளிப்பிரகாரமும் இருக்கின்றன.

ஆடிச்சுற்றும் சில எச்சரிக்கைகளும்

சங்கரநாராயணர் கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் கோமதி அம்மனை வேண்டிக்கொண்டு மக்கள் ஆடிச்சுற்று சுற்றுவார்கள். நூறு சுற்றுக்கு மேல் வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஒற்றைக் காலில் தவம் நிற்கும் அம்மனின் கால்வலியில் தாங்களும் பங்கு கொள்வதாக ஐதீகம். பாட்டி, தாய், பேத்தி என மூன்று தலைமுறையும் சேர்ந்து சுற்றுவதைப் பார்க்கலாம். மற்ற நாட்களில் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ தேடுகிறவர்களும் அன்று மணிக்கணக்கில் நடக்கிறார்கள். துணையும் நோக்கமும் இருந்தால் நம்மவர்களால் எவ்வளவு நடக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால் பயிற்சி இல்லாத உடம்போடு ஒரே நாளில் இவ்வளவு நடப்பது எல்லோருக்கும் ஏற்றதன்று. ஆனி மாதத்திலேயே தினமும் அரை மணி நடந்து பழகிக்கொள்வது நல்லது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. சட்டைப்பையில் இரண்டு மிட்டாயாவது இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெறுங்காலோடு சூடான கல்தளத்தில் சுற்றினால் கொப்புளம் வந்தாலும் தெரியாது. அவர்கள் அதிகாலையிலோ இரவிலோ சுற்றுவது நல்லது. வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாத தாத்தா பாட்டிக்கு, டார்ச் லைட் அடித்துப் பார்த்துச் சொல்லும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.